மீன் வண்டியில் வந்த பம்பை

சுண்ணாம்புக்குளம் ஆதிகேசவன் பம்பைக்காரர். ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் அம்மனுக்குக் கூழ் வார்த்தாலும், கல்யாணத்துக்கு முன்பு பூவாடை அழைத்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். மரத்தால் ஒன்றும் வெண்கலத்தால் ஒன்றுமாக இரண்டு உருளைகளை ஒன்றன்மேல் ஒன்று சேர்த்துக் கட்டி, இடுப்பில் மாட்டிக்கொண்டு, வளைந்த குச்சியால் அவர் அடிக்கத் தொடங்கினால் அக்கரையில் வலை உலர்த்துகிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். தொழிலுக்கு வேண்டிய கையும் குரலும் அவருக்கு வாய்த்திருந்தன. வேண்டாத ஒன்றும் வாய்த்திருந்தது. அது அவருடைய மூக்கு.

மீன் விற்றுப் பிழைக்கும் ஊர்களில் காலம் தள்ளுகிற ஒருவருக்கு இருக்கக்கூடாத மூக்கு அது. கருவாட்டு வாடை, ஐஸ் பெட்டியில் தேங்கிய பழைய தண்ணீர், சாராயம் குடித்தவன் காதருகே வந்து பேசும்போது அடிக்கும் புளித்த காற்று, அறுத்த சேவலின் இறகை வெந்நீரில் நனைக்கும்போது எழும் ஆவி ஆகிய எதையும் அவர் முப்பது ஆண்டுகளில் பழகிக்கொள்ளவில்லை. எங்கு போனாலும் தம்முடைய தட்டையும் தம்ளரையும் துணிப்பையில் எடுத்துப் போவார். சாப்பாட்டு இலையைத் தாமே மும்முறை கழுவுவார். சாமி வந்தவர்கள் வாயில் நுரை தள்ளிக்கொண்டு அவர் தோளைப் பற்றும்போது, பாட்டை நிறுத்தாமல் மூச்சை மட்டும் நிறுத்தக் கற்றிருந்தார்.

அவரிடம் வண்டி கிடையாது. சொந்த வண்டி இல்லாத பம்பைக்காரனின் பிழைப்பு முழுவதும் பிறருடைய நாற்றத்துக்குள் பயணம் செய்வதுதான். பேருந்தில் பம்பையை மடியில் வைத்துக்கொள்ள நடத்துநர்கள் விடுவதில்லை. இருக்கைக்கு அடியில் தள்ளு என்பார்கள். அங்கே யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு காயாமல் கிடக்கும். ஷேர் ஆட்டோவில் ஓட்டுநரின் அக்குளுக்குக் கீழே முகத்தை வைத்தபடி பத்து கிலோமீட்டர் போக வேண்டும். அக்கரைக் குப்பங்களுக்குப் படகில் போகும்போது, அடிப்பலகையில் ஊறிக்கிடக்கும் கறுப்புத் தண்ணீரில் கால் வைக்காமல் ஒற்றைக் காலில் நிற்பார். ஒருமுறை பழைய மொபெட் ஒன்றை வாங்கிப் பார்த்தார். பம்பையை முன்னால் வைத்தால் கைப்பிடி திரும்பவில்லை. பின்னால் கட்டினால் சேற்றில் சரிந்தது. அதைக் காட்டிலும், பெட்ரோல் வாடை விரல்களில் ஒட்டிக்கொண்டு சோற்றோடு உள்ளே போனது. ஒரே வாரத்தில் அதை விற்றுவிட்டார்.

அவருடன் உடுக்கை அடித்துப் பின்பாட்டுப் பாடும் தேவேந்திரன் இதற்கு நேரெதிரான மனிதர். பேருந்தில் பக்கத்து இருக்கைக் குழந்தை வாந்தி எடுத்த பிறகும் அதே இடத்தில் அமர்ந்து தயிர்சோற்றைப் பிரித்துச் சாப்பிடக்கூடியவர். “அண்ணே, உனுக்குப் பம்பை அடிக்கிற கையக் குடுத்த சாமி, மூக்க வேற யாருக்கோ வெச்சிருந்தத மாத்திக் குடுத்துட்டாரு” என்று அடிக்கடி சொல்வார்.

சென்ற வைகாசியில் கோட்டைக்குப்பம் இருசம்மாள் தொலைபேசியில் அழைத்தாள். மகள் நந்தினிக்குக் கல்யாணம். முதல் நாள் மாலையில் ஏரிக்கரையில் பூவாடை அழைக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்துபோன அவள் கணவன் துளசிங்கம் வர வேண்டும். வந்து, சம்மதம் சொல்ல வேண்டும். பூவாடை அழைப்பு என்பது அதுதான். இறந்தவரை நீர்க்கரையில் வர்ணித்துப் பாடினால், அவர் உறவினர் ஒருவர்மேல் இறங்கிப் பேசுவார். இதில் அந்தப் பக்கத்துக் குப்பங்கள் எல்லாம் ஒப்புக்கொண்ட கட்டுப்பாடு ஒன்று உண்டு. பம்பை முழங்கிக்கொண்டிருக்கும்போது வாயில் வருவது இறந்தவரின் சொல். பம்பை நின்றபின் வருவது வெறும் ஆளின் சொல். முன்னதை யாரும் மறுக்க முடியாது. பின்னதை யாரும் மதிக்க வேண்டியதில்லை.

இருசம்மாள், தன் கொழுந்தன் பெரியசாமி பொன்னேரியில் மீன் இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவர்களை ஏற்றி வருவான் என்றும் சொன்னாள். பொன்னேரிப் பேருந்து நிலையத்தின் வாசலில் அந்தக் குட்டியானை வண்டி வந்து நின்றபோது, அதற்கு முன்பே அதன் நாற்றம் வந்து நின்றுவிட்டது. பின்பகுதியில் காலி மீன் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. தகட்டின் பள்ளங்களில் சாம்பலும் சிவப்பும் கலந்த தண்ணீர் தளும்பியது. அதில் செதில்கள் மிதந்தன.

ஆதிகேசவன் பேருந்திலேயே வந்துவிடுவதாகச் சொன்னார். பெரியசாமி கேட்கவில்லை. அவரை மட்டும் முன்னிருக்கையில் ஏறச் சொன்னான். பம்பையோடு தேவேந்திரனைப் பின்னால் அனுப்பினான். தோல் தகட்டில் படாமல் மடியில் வைத்துக்கொள்ளும்படி ஆதிகேசவன் தேவேந்திரனிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு ஏறினார். முன்னிருக்கையின் பஞ்சு கிழிந்து, பல பேருடைய வியர்வையைக் குடித்துப் பழுப்பேறியிருந்தது. அவர் விளிம்பில் அமர்ந்தார்.

பெரியசாமி ஒரு கையால் வண்டியை ஓட்டி, மறு கையால் பாக்குப் பொட்டலத்தைக் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டான். சன்னலுக்கு வெளியே அவன் துப்பியதில் ஒரு பங்கு காற்றோடு உள்ளே திரும்பி வந்தது. ஆதிகேசவன் துண்டால் கன்னத்தைத் துடைத்தார். ஊர் எல்லை தாண்டிச் சாலை வெறிச்சோடியதும் அவன் பேசத் தொடங்கினான். அண்ணன் இறந்ததிலிருந்து அந்தக் குடும்பத்தைத் தானே தாங்குவதாகச் சொன்னான். அண்ணனுடைய மீன்பிடிப் பாட்டைத்தான் இரண்டு ஆண்டுகளாக அவன் அனுபவித்து வந்தான். ஏரியில் இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்துக் கொடுக்கும் பங்குக்குத்தான் பாடு என்று பெயர். துளசிங்கத்தின் மகன் அஜித்குமார் எண்ணூரில் கன்டெய்னர் முனையத்தில் வேலை பார்த்ததால், சித்தப்பன் அதில் வலை போட்டான். இப்போது அஜித்குமார் வேலையை விட்டுவிட்டு ஏரிக்குத் திரும்பி, அப்பாவின் பாட்டைக் கேட்கிறான்.

“அண்ணன் இன்னிக்கு எம்மேலதான் வருவாரு” என்றான் பெரியசாமி.

அது அவருடைய விருப்பம் என்றார் ஆதிகேசவன்.

“அவரு விருப்பம் இன்னான்னு எனக்குத் தெரியாதா பம்பக்காரரே? பாடு என் தம்பிக்குத்தான்னு சொல்லப்போறாரு. ஊர்ப் பெரியவங்க அத்தினி பேரும் அங்கதான் நிப்பாங்கோ. சொல்லி முடிக்கிற வரிக்கும் நீ கைய நிறுத்தாத. அவ்ளோதான் உன் வேல.”

ஆதிகேசவன் பேசவில்லை. அவன் அதைச் சம்மதமாகவும் எடுத்துக்கொள்ளவில்லை, மறுப்பாகவும் எடுத்துக்கொள்ளவில்லை; விலை போதவில்லை என்று எடுத்துக்கொண்டான்.

“வண்டி இல்லன்ற கொறையே உனுக்கு இனிமேட்டு கெடியாது. எந்தக் குப்பத்துல மேளம்னாலும் ஒரு போன் போடு, என் வண்டி வந்து நிக்கும். வயசான காலத்துல இன்னாத்துக்கு பஸ்ல இடிபட்டுகினு? முன்சீட்டுல ராஜா மாறி குந்திகினு வா.”

ஆதிகேசவன் ஒரு கணம் அதை மனத்தில் வைத்துப் பார்த்தார் என்பதை மறைப்பதற்கில்லை. ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம், பழவேற்காடு என்று காத்திருந்து நின்ற பேருந்து நிறுத்தங்கள் எல்லாம் அவர் நினைவில் வந்தன. இருக்கையின் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே நகர்ந்து அமரவும் செய்தார். பெரியசாமி அதோடு நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, தெரியாது. அவன் தன் அண்ணன் பாசத்தை விளக்கத் தொடங்கினான்.

“அண்ணன இதே வண்டியிலதான் இட்டாந்தேன். மூணாம் நாளு கெடச்சாரு. வெரலெல்லாம் நண்டு தின்னுடுச்சு. எவனும் கிட்ட வர்ல. நாந்தான் பின்னாடி பெட்டிங்க மேல படுக்க வெச்சு, ஐஸக் கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுகினு போனேன்.”

பிறகு வண்டியைக் கழுவினீர்களா என்று ஆதிகேசவன் கேட்டார்.

“எங்க கழுவறது? மறுநாளு காலைல லோடு இருந்திச்சு.” பெரியசாமி மீண்டும் துப்பினான். “நண்டு லோடு.”

அதன்பிறகு கோட்டைக்குப்பம் வரையில் ஆதிகேசவன் துண்டை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

வண்டி நின்றதும் பின்னால் சென்று பார்த்தார். தேவேந்திரன் பெட்டிகளில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பம்பை அவர் மடியிலிருந்து நழுவித் தகட்டுப் பள்ளத்தில் கிடந்தது. தோல் அந்தத் தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. தூக்கியபோது வார்களின் வழியாகக் கொழகொழவென்று வடிந்தது. ஒரு செதில் நடுத்தோலில் கண்போல ஒட்டியிருந்தது. ஆதிகேசவன் பனைமரத்தடிக்குப் போய் ஓங்கரித்துவிட்டு வந்தார். தேவேந்திரன் தம் வேட்டியால் தோலைத் துடைத்து, தீயில் காட்டினால் எல்லாம் போய்விடும் என்று சமாதானம் சொன்னார்.

ஏரிக்கரையில் பந்தல் துணி கட்டி, மஞ்சள் பூசிய செம்பில் பூச்சுற்றி வைத்திருந்தார்கள். ஏரி பின்வாங்கியிருந்ததால் கரையோரச் சேற்றில் பிளாஸ்டிக் பைகளும் கிழிந்த நைலான் வலைகளும் செத்த கெளுத்திகளும் ஒதுங்கிக் கிடந்தன. அவற்றைக் காலால் ஒதுக்கி வைத்துவிட்டு ஊர்ப் பெரியவர் பூவரசனும் மற்றவர்களும் நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். ஆதிகேசவன் வைக்கோலைக் கொளுத்திப் பம்பையைக் காய்ச்சினார். சூடு ஏற ஏறத் தோலிலிருந்து ஆவி எழுந்தது. அதோடு நாற்றமும் எழுந்து, காற்றில்லாத அந்த மாலையில் பந்தலுக்குள் கனமாக இறங்கியது.

இருசம்மாள்தான் முதலில் உணர்ந்தாள். செம்புக்கு முன்னால் கைகூப்பி அமர்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்; முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

“இது அவரு வாட” என்றாள். “அன்னிக்கு வூட்டுக்குக் கொண்டாந்தப்ப அடிச்ச வாட.”

அவளைச் சுற்றியிருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். அவர் கிட்டத்தில் வந்துவிட்டார் என்று ஒருத்தி சொன்னாள். இன்னும் இரண்டு பேர் அழத் தொடங்கினார்கள். அது மீன் தண்ணீர் என்பது ஆதிகேசவனுக்குத் தெரியும். தேவேந்திரனைத் தவிர, அந்த இடத்தில் அதைத் தெரிந்த மற்றொருவன் பெரியசாமி. அவன் அழுகையைக் கேட்டதும் சட்டையைக் கழற்றிவிட்டு முன்வரிசைக்கு வந்தான்.

ஆதிகேசவன் அடிக்கத் தொடங்கினார். தோல் சற்றுத் தொய்வாகத்தான் பேசியது, ஆனாலும் பேசியது. துளசிங்கத்தின் பெயரைச் சொல்லி, அவன் வலையையும் படகையும், விட்டுப்போன மனைவியையும் மக்களையும் வர்ணித்துப் பாடினார். தேவேந்திரன் உடுக்கையோடு பின்பாட்டுப் பாடினார். பாட்டின் இரண்டாம் அடுக்கு முடிவதற்குள் பெரியசாமி ஆடத் தொடங்கிவிட்டான். ஆதிகேசவன் எத்தனையோ பேர்மேல் இறங்கக் கண்டவர். உண்மையில் இறங்கும்போது ஆள் கொஞ்சம் பயப்படுவான். இவன் பயப்படவில்லை. கண்ணை முக்கால்வாசி மூடி, பாக்குச் சாறு கடைவாயில் ஒழுக, பெரியவர்கள் அமர்ந்திருந்த திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டு ஆடினான்.

பம்பைக்காரர் கேட்க வேண்டிய கேள்விகளை அவர் முறைப்படி கேட்டார். பெயர் என்ன என்றார், துளசிங்கம் என்றான். எங்கே போனாய் என்றார். முகத்துவாரத்தில் போனேன் என்றான். இருசம்மாள் அவன் காலடியில் விழுந்து, நந்தினி கல்யாணத்துக்கு உத்தரவு கொடு என்று கேட்டாள். அவன் கொடுத்தான். அவள் தன் கணவனுடைய பாதம் என்று நினைத்து அந்தப் பாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆதிகேசவனுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அவர் பம்பையைக் குனிந்து பார்த்தார். அங்கிருந்து நாற்றம் நேராக முகத்தில் அடித்தது.

“இன்னொரு வார்த்த கீது” என்றான் பெரியசாமி. “என் பாடு—”

பம்பை நின்றது.

அந்த நேரத்தில் ஆதிகேசவன் நியாயத்தையோ அநியாயத்தையோ எடைபோட்டுப் பார்க்கவில்லை. அவருக்குக் குமட்டியது. அந்தத் தண்ணீர் ஊறிய தோலில், அந்தச் சொல்லுக்காக, இன்னொரு அடி அடிக்க அவர் கை எழவில்லை. ஆனால், கை நின்ற பிறகு காரணம் சொல்ல வேண்டும். இவன்மேல் யாரும் இறங்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஒரு குப்பத்தில் அப்படிச் சொன்ன பம்பைக்காரனை மற்றக் குப்பங்கள் அழைக்கமாட்டா. ஒருவனைப் பொய் என்றால், அதுவரையில் அவர் பாட்டுக்கு வந்திறங்கிய எல்லோரும் ஐயத்துக்குள்ளாவார்கள். ஆகவே அவர் பம்பையை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கீழே வைத்தார்.

“தோல்ல கலீஜ் பட்டுகீது” என்றார். “வண்டியில வந்த மீன் தண்ணி. அந்த வாடதான் இது. இந்தத் தோல்ல கூப்ட்டது கூப்ட்டதே கெடியாது. இதுவரிக்கும் வந்த சொல்லு எதுவும் செல்லாது.”

ஆடிக்கொண்டிருந்த பெரியசாமி அப்படியே நின்றான்.

“இன்னா கலீஜ்? காலைலதான்யா என் வண்டியக் கழுவினேன்” என்றான்.

இருசம்மாளின் தங்கை ஜமுனா, அழுகைக்காகப் பிடித்திருந்த முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள். துளசிங்கம் இருந்த காலத்தில் அவரிடம் பேசிய அதே மரியாதையோடு கேட்டாள்.

“ஏன் மாமா, செத்தப்பறமா வண்டி வாங்கின?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்வரிசை வரையில் வந்தது. பெரியசாமி சட்டையைத் தேடி எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போனான். பாடு யாருக்கு என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. பேசாமல் விட்டதிலேயே அது தீர்ந்துபோனது. அஜித்குமார் தன் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தான்.

சிரிப்பு அடங்கிய பிறகு எல்லோருடைய பார்வையும் ஆதிகேசவன்மேல் திரும்பியது. பெரியசாமி சொந்தக்காரன், மறுநாள் முகூர்த்தத்தில் மணப்பெண்ணின் சித்தப்பனாக மேடையில் நிற்க வேண்டியவன். அவனைத் துரத்த முடியாது. துரத்தக்கூடிய ஆள் ஒருவர்தான் அங்கே இருந்தார்.

இருசம்மாள் அவர் அருகில் வந்தாள். அழவில்லை.

“ரெண்டு வருசமா அந்த வாட மூக்க வுட்டுப் போவலன்னு நான் தெனம் தல முழுவிகினு கீறேன். நீ அத்த மேளத்துல ஏத்திகினு வந்து, எம்பொண்ணு கல்யாணத்துல அடிக்கிற. அவருன்னு நெனச்சி நானும் கும்புட்டேன்” என்றாள். பிறகு அவர் காலடியில், மணலில் துப்பினாள்.

பூவரசன் நாற்காலியிலிருந்து எழாமலேயே, விடியற்காலையில் கும்மிடிப்பூண்டிக் குழுவை வரவழைத்து மறுபடியும் பூவாடை அழைத்துவிடலாம் என்று தீர்ப்புச் சொன்னார். அவர்களிடம் சொந்த வேன் இருக்கிறது, சுத்தபத்தமாக வருவார்கள் என்றும் சொன்னார். ஏதேதோ வண்டியில் தொற்றிக்கொண்டு வருகிறவர்களை அழைத்தால் இப்படித்தான் ஆகும் என்று இன்னொருவர் அதற்கு ஒத்து ஊதினார். வாய்திறந்து சொல்ல ஆதிகேசவனிடம் ஒரே ஒரு செய்தி இருந்தது, வண்டியில் பெரியசாமி பேசிய பேரம். அதை அவர் சொல்லக்கூடாது. பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். நாற்றம் சட்டையில் இறங்கியது.

விருந்துக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தேவேந்திரன் உடுக்கையை இடுக்கியபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, சோறு இன்னா பண்ணிச்சு?” என்றார். “நீ முன்ன போ. நான் பின்னாலயே வந்துட்றேன்.”

ஆதிகேசவன் தனியாகப் பழவேற்காடு பேருந்து நிலையத்துக்கு நடந்தார். பாதி வழியில் பின்னாலிருந்து பைக் ஒன்று வந்து நின்றது. அஜித்குமார். அவன் இறங்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையின் நுனியை இரண்டு விரல்களால் பிடித்து நீட்டினான். உள்ளே அவர் விட்டுவந்த வளைகுச்சி இருந்தது. செத்த எலியைத் தெருவில் எறியக் கொண்டுபோகிறவன் எப்படிப் பிடிப்பானோ அப்படிப் பிடித்திருந்தான்.

“அம்மா குடுத்தனுப்பிச்சு. இனிமேட்டு எங்க ஊருக்கு வர வேணாம்னு சொல்லச் சொல்லிச்சு” என்றான்.

ஆதிகேசவன் பையை வாங்கிக்கொண்டார். “பாடு உன்னுதுதான் தம்பி. கல்யாணம் முடிஞ்ச கையோட, மொத மொறைக்கே வலையத் தூக்கிகினு போ. ஒர்த்தர கேட்டுகினு நிக்காத” என்றார்.

“அது எங்க வூட்டு வெவகாரம். உனுக்கின்னா?” என்று கேட்டுவிட்டு அவன் வண்டியைத் திருப்பினான். ஏறிக்கொள்ளச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அவர் ஏறியிருக்கமாட்டார். பைக்கின் புகை அவர் முகத்தில் கலைந்தது.

பொன்னேரிப் பேருந்தில் அன்று கூட்டமில்லை. ஆதிகேசவன் பின்னிருக்கையில் பம்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். நடத்துநர் பயணச்சீட்டைக் கையில் தராமல் இருக்கையின்மேல் வைத்துவிட்டுப் போனார். முன்னால் இருந்தவர்கள் இரண்டு சன்னல்களைத் திறந்தார்கள். அடுத்த நிறுத்தத்தில், விற்றது போக மிச்சமிருந்த மீனோடு ஒரு கூடைக்காரி ஏறினாள். இந்த வழித்தடத்தில் எத்தனையோ முறை அவளுடைய கூடையைக் கண்டு அவர் எழுந்து வேறிடம் போயிருக்கிறார். அவள் கூடையை இறக்கி வைத்து, அவருக்கு அருகில் அமர்ந்து, மூச்சை இழுத்தாள். பிறகு அவரையும் பம்பையையும் மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னா நாத்தம்யா இது” என்று சொல்லி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கூடையைத் தூக்கி முன்னிருக்கைக்குப் போனாள்.